ஔரங்கசீப் நம்ம ஆளா? – ‘சாவா’ திரைப்படமும் காஞ்சிபுரத்து வரலாறும்

மக்ரிப் தொழுகைக்குப் பிறகு நடக்கும் மக்தபில் யாசீன் சூரா ஓதிக்கொண்டிருந்த ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், ஓதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்: “ஹஜ்ரத், ஔரங்கசீப் நம்ம ஆளா?”

“முதல்ல ஓதி முடி” என்று சொல்லிவிட்டேன். பிறகு விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் நண்பன், கைபேசியில் ‘சாவா’ படத்தின் ஒரு காட்சியைக் காட்டி, “உங்க ஆளு என்ன பண்ணியிருக்கான் பாரு” என்று கேட்டிருக்கிறான். இருவருமே திருப்பருத்திக்குன்றத்துப் பிள்ளைகள். இரண்டு வீட்டிலும் தறி இருக்கிறது. சண்டை எதுவும் நடக்கவில்லை. ஆனால் இவன் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டிருக்கிறான். அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. என்னிடம் வந்தான். நானும் “ஓதி முடி” என்று சொல்லி அனுப்பியது அன்றிரவு மனதை உறுத்தியது.

சினிமா பார்ப்பது பற்றிய மார்க்கச் சட்டத்துக்குள் நான் இங்கே போகவில்லை. அது தனியாகப் பேச வேண்டிய விஷயம். நாம் தியேட்டருக்குப் போனாலும் போகாவிட்டாலும் படம் கைபேசி வழியாக வீட்டுக்குள் வந்துவிடுகிறது. ஒரு செய்தி வந்தால் அதைத் தெளிவாக விசாரித்துக்கொள்ளும்படி அல்லாஹ் ஹுஜுராத் அத்தியாயத்தில் கட்டளையிடுகிறான். விசாரிக்காமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்த நேரிடும் என்று எச்சரிக்கவும் செய்கிறான். பார்க்காமல் விமர்சிப்பது அந்தக் கட்டளைக்குப் பொருந்தாது என்பதால் படத்தையும் பார்த்தேன். கல்லூரியில் படித்த வரலாற்றுப் புத்தகங்களையும் மறுபடி எடுத்தேன்.

‘சாவா’ என்றால் மராத்தியில் சிங்கக்குட்டி. 2025 பிப்ரவரி 14 அன்று வெளியான இந்த இந்திப் படத்தை லக்ஷ்மண் உதேகர் இயக்கினார். சிவாஜியின் மகன் சம்பாஜியாக விக்கி கௌஷலும் ஔரங்கசீப்பாக அக்ஷய் கன்னாவும் நடித்தார்கள். இசை நம் ஏ.ஆர். ரஹ்மான். கதை சிவாஜி சாவந்த் எழுதிய மராத்தி நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மூலம் ஒரு நாவல்தானே தவிர வரலாற்று நூல் அல்ல. ஆனால் படத்தைப் பார்த்துவிட்டு மத்தியப் பிரதேசத்தில் அசீர்கர் கோட்டைப் பக்கத்து மக்கள், முகலாயர் புதைத்த தங்கம் கிடைக்கும் என்று நம்பி இரவில் டார்ச் விளக்கோடு வயல்களைத் தோண்டினார்கள். படத்தைப் படமாக மட்டும் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

முதலில், படம் சொல்வதில் உண்மை எது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். 1689 பிப்ரவரியில் சங்கமேஷ்வரில் முகர்ரப் கானின் படை சம்பாஜியைப் பிடித்தது. அவரும் அவருடைய நண்பர் கவி கலஷும் சித்திரவதைக்குப் பிறகு மார்ச் மாதம் கொல்லப்பட்டார்கள். சம்பாஜிக்கு அப்போது வயது 31. இது நடந்தது. இதை மறுப்பதற்கோ மழுப்புவதற்கோ நமக்கு எந்தக் காரணமும் இல்லை. கைதிக்கு உணவளிப்பவர்களைப் புகழ்ந்து குர்ஆன் பேசுகிறது. உடலைச் சிதைப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஔரங்கசீப்பின் படைமுகாமில் அன்று நடந்தது அநியாயம். அவர் குர்ஆனைத் தம் கையால் எழுதினார், எளிமையாக வாழ்ந்தார் என்பதெல்லாம் இதற்குப் பதிலாகாது. தந்தை ஷாஜஹானை 1658 முதல் சாகும்வரை சிறையில் வைத்தவர், அண்ணன் தாராவைக் கொல்லச் செய்தவர் அவர். அவருடைய வாளுக்கு முதலில் பலியானது அவருடைய சொந்த வீடுதான்.

சிக்கல், படம் துரோகத்தைக் காட்டும் விதத்தில் இருக்கிறது. சம்பாஜியைக் காட்டிக்கொடுத்தவர்களாக அவருடைய மைத்துனர் குடும்பமான ஷிர்கேக்களைப் படம் காட்டுகிறது. ஷிர்கே வம்சத்தார் எதிர்ப்புத் தெரிவித்து, 100 கோடி ரூபாய் மானநஷ்ட வழக்குப் போடுவோம் என்று எச்சரித்தார்கள். இயக்குநர் வருத்தம் தெரிவித்தார். யோசித்துப் பாருங்கள். 336 வருடத்துக்கு முந்தைய ஒரு துரோகத்தைத் தங்கள் குடும்பத்தின் மீது சுமத்தியதற்கு ஒரு குடும்பம் நியாயம் கேட்டது, கிடைத்தது. அதே படத்தைக் காட்டி ஏழாம் வகுப்புப் பையனிடம் “உங்க ஆளு” என்று சொல்லப்படும்போது அவனுக்காக வருத்தம் தெரிவிக்க யார் இருக்கிறார்கள்?

உண்மையில் அந்தக் காலத்துத் துரோகங்கள் மதக் கோட்டின் மீது நடந்தவையே அல்ல. படத்தின் கதை சிவாஜியின் மரணத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது. அதற்கு முன்பு, 1678 இறுதியில், சம்பாஜியே தந்தையோடு மனம் கசந்து முகலாயத் தளபதி திலேர் கானிடம் போய்ச் சேர்ந்தவர். ஒரு வருடம் கழித்துத்தான் திரும்பினார். 1681-இல் ஔரங்கசீப்பின் சொந்த மகன் இளவரசர் அக்பர் தந்தைக்கு எதிராகக் கலகம் செய்துவிட்டுச் சம்பாஜியிடம் தஞ்சம் புகுந்தார். சிவாஜி பிள்ளை முகலாயரிடம், முகலாயர் பிள்ளை சிவாஜி பிள்ளையிடம்! ஔரங்கசீப்பின் ஆட்சியின் பிற்பகுதியில், 1679-க்குப் பிறகு, உயர்பதவியில் இருந்த பிரபுக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இந்துக்கள் என்று பெயர் பெயராக எண்ணிக் காட்டியிருக்கிறார் வரலாற்றாசிரியர் எம். அத்தர் அலி. அக்பர் காலத்து விகிதத்தைவிட இது அதிகம். 1669-இல் காசிக் கோயிலை இடித்ததும் 1679-இல் ஜிஸ்யாவை மீண்டும் விதித்ததும் இதே மன்னர்தான். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அவர் அழித்த அரசுகளைப் பாருங்கள். பீஜப்பூர் 1686, கோல்கொண்டா 1687. இரண்டும் முஸ்லிம் அரசுகள். எட்டு மாத முற்றுகைக்கும் அசையாத கோல்கொண்டா, லஞ்சம் வாங்கிய அப்துல்லா கான் பன்னி என்ற சொந்தத் தளபதி இரவில் கதவைத் திறந்துவிட்டதால் விழுந்தது. அதே கோட்டையில் அப்துர் ரஸ்ஸாக் லாரி என்பவர் உடலெல்லாம் காயத்தோடு கடைசிவரை சுல்தானுக்காகப் போரிட்டார். துரோகி, விசுவாசி இருவருமே முஸ்லிம்கள். அதற்கு முந்தைய வருடம் கோல்கொண்டாவில் சதியால் கொல்லப்பட்ட அமைச்சர்கள் மாதண்ணாவும் அக்கண்ணாவும் பிராமணர்கள். அவர்களை நம்பி ஆட்சியையே ஒப்படைத்திருந்தவர் ஒரு முஸ்லிம் சுல்தான்.

இதையெல்லாம் ஏன் காஞ்சிபுரத்துக்காரன் பேச வேண்டும் என்று கேட்கலாம். அந்தக் கோல்கொண்டா ஆட்சியின் கீழ்தான் காஞ்சிபுரமும் இருந்தது என்பதே பதில். கோல்கொண்டா விழுந்ததும் நம் ஊர் யாருக்கு என்ற போட்டி தொடங்கிவிட்டது. ஒரு பக்கம் புதிதாக வந்த முகலாயப் படை. இன்னொரு பக்கம் செஞ்சிக் கோட்டையிலிருந்து ஆண்ட மராட்டியர். செஞ்சியின் ஆளுநர் ஹர்ஜி மகாதிக், சம்பாஜியின் சகோதரியின் கணவர். 1688 தொடக்கத்தில் மராட்டியப் படைத்தலைவர்கள் காஞ்சிபுரத்துக்குள் புகுந்து கொள்ளையடித்ததும் மக்கள் ஊரைவிட்டு ஓடியதும் சென்னைக் கோட்டை ஆங்கிலேயரின் குறிப்புகளில் பதிவாகியிருக்கின்றன. முகலாயப் படை வந்தபோதும் மக்களுக்கு நிம்மதி கிடைக்கவில்லை. இரு தரப்பும் மாறி மாறிச் சூறையாடின. தறியை விட்டுவிட்டு ஓடிய நெசவாளிக்குக் குதிரையில் வந்தவன் எந்த மதம் என்பதா முக்கியம்?

அதே 1688-இல்தான் முகலாயப் படையெடுப்புக்கு அஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலின் உற்சவ மூர்த்திகளை உடையார்பாளையத்துக்குக் கொண்டுபோனார்கள். பங்காரு காமாட்சியும் அப்படிப் போய், கடைசியில் தஞ்சாவூரிலேயே தங்கிவிட்டது. அந்த அச்சம் உண்மையானது. அதை நாம் சிறுமைப்படுத்தக் கூடாது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. வரதராஜர் 1710-இல் திரும்பி வந்தார். உடையார்பாளையத்து ஜமீன்தார் திருப்பித் தர மறுத்தபோது, ஆத்தான் ஜீயர் உதவி கேட்டது ஆற்காடு நவாப் சஆதத்துல்லா கானின் தளபதி லாலா தோடர்மாலிடம். தோடர்மால் படையோடு போய் மீட்டுவந்தார் என்பது அந்தக் கோயில் கல்வெட்டே சொல்லும் செய்தி. முகலாயப் பேரரசின் பெயரால் ஆண்ட ஒரு முஸ்லிம் நவாப். அவரிடம் பணிபுரிந்த ஒரு வடநாட்டு இந்து. கொடுக்க மறுத்தவரும் இந்துவே. திருமலைக்குப் போகிற நம் ஊர்க்காரர்கள், கைகூப்பி நிற்கும் இதே தோடர்மாலின் செப்புச் சிலையை அங்கே பார்த்திருப்பார்கள். யாரென்று தெரிந்து பார்த்தவர்கள் குறைவாக இருக்கலாம்.

இப்படிப்பட்ட கதையைப் படமாக எடுப்பது கடினம்தான். யாரைப் பார்த்துக் கை தட்டுவது என்று தெரியாது. போர்ப்படத்துக்கு ஒரு அரக்கனும் ஒரு துரோகியும் தேவைப்படுகிறார்கள். இது இந்திக்காரர்களின் குறை மட்டுமல்ல. 1959-இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்துக்குப் பிறகு எட்டப்பன் என்ற பெயரே தமிழில் வசவாக நிலைத்துவிட்டது. திப்பு சுல்தான் கதையைப் பேசும்போது நாமும் மீர் சாதிக்கைத் திட்டிவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். சீரங்கப்பட்டணம் ஏன் விழுந்தது என்று மேற்கொண்டு கேட்பதில்லை.

திரைக்கு வெளியே இதற்கு விலை உண்டு. 2025 மார்ச் 17 அன்று, குல்தாபாத்தில் உள்ள ஔரங்கசீப்பின் கப்ரை அகற்றக் கோரும் போராட்டத்தைத் தொடர்ந்து நாக்பூரில் கலவரம் வெடித்தது. கடைகளும் வாகனங்களும் எரிந்தன. ஊரடங்கு போடப்பட்டது. ஒரு உயிரும் போனது. ‘சாவா’ படம் மக்களின் கோபத்தைத் தூண்டிவிட்டது என்று மகாராஷ்டிர முதல்வர் தேவேந்திர ஃபட்னவிஸே சட்டமன்றத்தில் சொன்னார். நடிகர்கள் ஒப்பனையைக் கலைத்துவிட்டார்கள். பட்டறை எரிந்தவன் என்ன செய்வான்?

நம் பக்கத்தில் நடக்கும் தவறையும் சொல்ல வேண்டும். இப்படி ஒரு படம் வந்ததும் சில இளைஞர்கள் ஔரங்கசீப்பின் படத்தைக் கைபேசியில் ஸ்டேட்டஸாக வைக்கிறார்கள். அவமானத்துக்குப் பதில் வீம்பு. அவரைத் தூக்கிப் பிடித்தால், “உங்க ஆளு” என்று அவர்கள் சொன்னதை நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். நமக்கோ பெற்றோருக்கோ எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்கும்படி நிஸா அத்தியாயத்தில் அல்லாஹ் சொல்கிறான். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்று மாயிதா அத்தியாயத்தில் சொல்கிறான். முதலாவது ஔரங்கசீப் விஷயத்திலும், இரண்டாவது சம்பாஜி விஷயத்திலும் நமக்குப் பொருந்தும்.

பெற்றோர்களிடம் நான் கேட்டுக்கொள்வது சிறிய விஷயம். பிள்ளை இப்படிக் கேட்டால் அதட்ட வேண்டாம். கைபேசியைப் பிடுங்கி வைப்பதோடு முடித்துக்கொள்ளவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, “இது யார் எழுதிய கதை? இதற்கு முன்பு என்ன நடந்தது? அதே வருடம் நம் ஊரில் என்ன நடந்தது?” என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள்.

மறுநாள் மக்தபில் அந்தப் பையனைக் கூப்பிட்டு, ஔரங்கசீப் ஒரு அரசர், நல்லதும் கெட்டதும் செய்தவர், அவர் கணக்கு அல்லாஹ்விடம் இருக்கிறது, அதில் உனக்குப் பங்கு கிடையாது என்று சொன்னேன். தோடர்மால் கதையையும் சொன்னேன். அதுதான் அவனுக்குப் பிடித்தது. நண்பனிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். நண்பன் நம்பவில்லையாம். சின்னக் காஞ்சிபுரத்தில் இருக்கும் பாட்டியிடம் கேட்டுவிட்டு வந்து, “ஆமாடா, உடையார்பாளையம் போய் வந்த கதை பாட்டிக்குத் தெரிஞ்சிருக்கு. ஆனா நவாப் விஷயம் தெரியலை. உங்க ஹஜ்ரத்துக்கு யார் சொன்னாங்கன்னு கேக்கச் சொன்னாங்க” என்றானாம்.

கல்வெட்டு அவர்கள் கோயிலில்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.