மக்கள் எதிர்ப்பும் அருங்காட்சியகமும்: இஸ்தான்புல் நினைவகம் குறித்த ஒரு நோக்கு

முன்னுரை

மந்தின் வட்டாரத் தோட்டங்களைச் சார்ந்த தமிழ் மாணவர்களுக்கு அருங்காட்சியகம் என்றதும் நெகிரி செம்பிலானிலேயே, போர்ட்டிக்சனில் அமைந்துள்ள தரைப்படை அருங்காட்சியகம் நினைவுக்கு வரக்கூடும். அங்குப் பீரங்கிகளும் கவச வண்டிகளும் படையின் வரலாற்றைச் சொல்கின்றன. இதற்கு மாறாக, கவச வண்டியின் முன் நின்ற சாதாரண மக்களின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகமும் உலகில் உண்டு. துருக்கியின் இஸ்தான்புல் நகரில் உள்ள ‘நினைவு 15 ஜூலை’ அருங்காட்சியகம் அத்தகையது. அதன் பின்னணியை விளக்கி, நம் சமூகத்திற்கு அது எழுப்பும் வினாக்களை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

நிகழ்வின் பின்னணி

துருக்கியில் 1960, 1971, 1980 ஆகிய ஆண்டுகளில் இராணுவம் அரசியலில் நேரடியாகத் தலையிட்டது. 1960-இல் பதவி இழந்த பிரதமர் மெண்டெரஸ் மறு ஆண்டு தூக்கிலிடப்பட்டார். இத்தலையீடுகளின்போது மக்கள் பெருந்திரளாக வீதிக்கு வந்து படையைத் தடுக்கவில்லை.

2016 ஜூலை 15-ஆம் நாள் இரவு நடந்தது வேறு. இராணுவத்தின் ஒரு பிரிவினர் பொஸ்பரஸ் பாலத்தை மறித்தனர். அரசுத் தொலைக்காட்சியில் தம் அறிவிப்பை வாசிக்கச் செய்தனர். அங்காராவில் நாடாளுமன்றக் கட்டடத்தின்மீது குண்டு வீசினர். நள்ளிரவுக்குப்பின் அதிபர் எர்டோகான் கைப்பேசிக் காணொளி வழியாகத் தனியார் தொலைக்காட்சியில் தோன்றி, மக்களை வீதிக்கு அழைத்தார். பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகளும் அழைத்தன. மக்களோடு காவல் துறையினரும் அரசின் பக்கம் நின்ற படைப்பிரிவினரும் எதிர்த்து நிற்க, மறுநாள் காலை பாலத்தில் இருந்த வீரர்கள் சரணடைந்தனர். ஆட்சியைக் கைப்பற்ற முயன்றோர் நீங்கலாக 251 பேர் உயிரிழந்தனர் என்பதும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர் என்பதும் அரசின் கணக்கு. நாடாளுமன்றத்தின் நான்கு கட்சிகளும், எதிர்க்கட்சிகள் உட்பட, இம்முயற்சியைக் கூட்டாகக் கண்டித்தன.

நினைவு கட்டடமாதல்

பாலத்திற்கு ‘15 ஜூலை தியாகிகள் பாலம்’ எனப் பெயர் மாற்றப்பட்டது. அதன் ஆசியக் கரையில் நினைவுச் சின்னமும், 2019 ஜூலை 15-இல் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டன. 2021-இல் அங்காராவிலும் ஓர் அருங்காட்சியகம் எழுந்தது. மெண்டெரஸ் விசாரிக்கப்பட்ட யாஸ்ஸியாடா தீவு ‘மக்களாட்சி, சுதந்திரத் தீவு’ என்னும் பெயருடன் 2020-இல் திறக்கப்பட்டது. இவை யாவும் அரசின் முயற்சிகள்.

இங்குதான் சிக்கல் தொடங்குகிறது. அம்முயற்சிக்குப்பின் அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலை 2018 ஜூலை வரை நீடித்தது. நூறாயிரத்துக்கும் மேற்பட்ட பொதுப் பணியாளர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அவர்களுள் ஆசிரியர்களும் பல்கலைக்கழக விரிவுரையாளர்களும் அடங்குவர். எதிர்த்து நின்ற மக்களின் துணிவு உண்மை. அத்துணிவின் பெயரால் பின்னர் நடந்தவையும் உண்மை. முதலாவதை மட்டும் சொல்லும் நினைவகம் பாதி வரலாற்றையே சொல்லும்.

ஓர் ஒப்பீடு

1920 மார்ச்சில் ஜெர்மனியில் ‘காப்’ என்பவர் தலைமையில் நிகழ்ந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியைத் தொழிலாளர்களின் பொது வேலைநிறுத்தம் சில நாள்களில் முறியடித்தது. வைமார் நகரில் அப்போது இறந்தோருக்கு நினைவுச் சின்னம் எழுப்பியோர் தொழிற்சங்கத்தினர். கட்டடக் கலைஞர் வால்டர் குரோப்பியஸ் வடிவமைத்த அச்சின்னம் 1922-இல் திறக்கப்பட்டது. நாஜிகள் அதனை 1936-இல் இடித்தனர். 1946-இல் அது மீண்டும் எழுந்தது. ஆட்சி எழுப்பும் நினைவகம் ஆட்சியின் குரலாகிவிடக்கூடும். மக்கள் எழுப்பும் நினைவகமோ ஆட்சியால் அழியக்கூடும். இரண்டு இடர்களையும் ஆய்வாளர் உணர்தல் வேண்டும்.

நமக்குரிய பாடம்

மலாயாத் தோட்டத் தமிழர் இராணுவ ஆட்சிக் கவிழ்ப்பை எதிர்கொண்டதில்லை. ஆயினும் படையின்முன் நின்ற அனுபவம் அவர்களுக்கும் உண்டு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள், சீனத் தொழிலாளர்க்கு இணையான ஊதியம், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடை ஒழிப்பு, துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டிய இழிவின் நீக்கம் ஆகியவற்றைக் கோரி வேலைநிறுத்தம் செய்தனர். தலைவர் ஆர். எச். நாதன் கைதுசெய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர்.

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறும்போது லயங்களும் பெரட்டுக் களங்களும் மறைகின்றன. உளி, மங்கு, காண்டாக் கம்பு, செக்ரோல் ஏடு ஆகியவற்றை ஒரு தமிழ்ப்பள்ளியின் வகுப்பறை மூலையிலேயே சேர்த்து வைக்க இயலும். முதியோரின் வாய்மொழியை மாணவர்கள் பதிவுசெய்யலாம். அப்பதிவில் வேலைநிறுத்தம் செய்தவரோடு, அஞ்சி வேலைக்குச் சென்றவரும், இடையில் நின்ற கிராணியும், வீட்டில் அடுப்பெரிக்க வழியின்றித் தவித்த பெண்ணும் இடம்பெற வேண்டும்.

முடிவுரை

எந்த நினைவகத்தைக் காணச் சென்றாலும் மாணவர்கள் மூன்று வினாக்களை எழுப்பப் பழக்குதல் ஆசிரியர் கடன்: இதனை எழுப்பியவர் யார்? இங்கு யாருடைய பெயர் பொறிக்கப்பட்டுள்ளது? யாருடைய பெயர் விடுபட்டுள்ளது? இஸ்தான்புல் நினைவகத்திற்குப் பொருந்தும் இவ்வினாக்கள், மந்தின் தோட்டப் பள்ளியில் நாம் அமைக்கப்போகும் சிறு காட்சி மூலைக்கும் பொருந்தும்.