மீன் தொட்டியும் தாத்தாவின் தரையும்
(பத்தாம் வகுப்பு மாணவி)

வண்ண மீன்கள் துள்ளி நீந்தும் கண்ணாடித் தொட்டியைக் கண்டு மகிழாதவர் யார்? ஆனால் அந்தத் தொட்டியைத் தாங்கி நிற்கும் தரையைப் பற்றி நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? நானும் எண்ணியதில்லை, சென்ற கோடை விடுமுறை வரை.

எங்கள் வீட்டுக் கூடத்தின் தரை சிவப்புக் காவித் தரை. என் தாத்தா கொத்தனாரின் அருகிலேயே நின்று போட வைத்தது. பாட்டி அதைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கும் கண்ணாடி போல் ஆக்கி வைத்திருந்தார். அந்தத் தரையின் மேல்தான் அப்பா வாங்கி வந்த நான்கடி நீளத் தொட்டி ஓர் இரும்பு ஸ்டாண்டில் ஏறி அமர்ந்தது. மூன்று மாதங்கள் கழித்து அதை நகர்த்தியபோது நான்கு கால்கள் இருந்த இடத்திலும் நான்கு குழிகள்! ஒரு குழியிலிருந்து மற்றொன்றுக்குக் கோடு போல ஒரு விரிசல். வந்து பார்த்த கொத்தனார், “பூசி விடலாம், ஆனால் பழைய நிறம் வராது” என்று கூறிவிட்டார். பாட்டி ஒன்றும் பேசவில்லை. அதுதான் எங்களுக்கு அதிக வருத்தமாக இருந்தது.

இது எப்படி நேர்ந்தது என்று எங்கள் இயற்பியல் ஆசிரியையிடம் கேட்டேன். “நீயே கணக்குப் போட்டுப் பார்” என்றார். போட்டேன்.

எங்கள் தொட்டியின் நீளம் 120 செ.மீ., அகலம் 45 செ.மீ., உயரமும் 45 செ.மீ. நீர் 40 செ.மீ. உயரத்திற்கு நின்றால் அதன் அளவு 216 லிட்டர். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. ஆகவே நீர் மட்டுமே 216 கிலோ. 8 மி.மீ. கனமுள்ள கண்ணாடி சுமார் 40 கிலோ. கூழாங்கற்களும் மணலும் 25 கிலோ, ஸ்டாண்டு 20 கிலோ. ஆக மொத்தம் ஏறக்குறைய 300 கிலோ!

எடை மட்டுமே தரையை உடைப்பதில்லை. அழுத்தம் என்பது எடையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது என்று வகுப்பில் படித்திருக்கிறோம் அல்லவா? எங்கள் ஸ்டாண்டின் கால்கள் ஆங்கிள் இரும்பால் ஆனவை. ஒவ்வொரு காலின் முனையும் தரையைத் தொடும் பரப்பு ஒன்றரைச் சதுர செ.மீ. மட்டுமே. நான்கும் சேர்ந்து 6 சதுர செ.மீ. முந்நூறை ஆறால் வகுத்தால் 50. அதாவது, சுண்டு விரல் நகமளவு இடத்தில் என்னைப் போன்ற ஒரு மாணவியின் முழு எடையும் இரவும் பகலும் இறங்கியிருக்கிறது. பாவம், தரை என்ன செய்யும்!

இனி, தரையைக் காக்கும் வழிகளைப் பார்ப்போம்.

முதலாவது, எடையைப் பரப்ப வேண்டும். ஒவ்வொரு காலின் அடியிலும் 10 செ.மீ. சதுர இரும்புத் தகட்டைப் பற்ற வைத்தால், 50 கிலோவாக இருந்த அழுத்தம் முக்கால் கிலோவாகக் குறைந்துவிடும். அதன் கீழே தண்ணீருக்கு ஊறாத, முக்கால் அங்குலக் கனமுள்ள பிளைவுட் பலகையை விரித்தால் இன்னும் குறையும். மெல்லிய பலகை பயன்படாது. கால் பதியும் இடத்தில் அது வளைந்து கொடுத்துவிடும். தொட்டியின் கீழ் வைக்கும் தெர்மாகோல் அடிக் கண்ணாடியைக் காப்பதற்கே அன்றித் தரையைக் காப்பதற்கு அன்று.

இரண்டாவது, மட்டம். தரை சாய்வாக இருந்தால் எடை ஒரு பக்கத்துக் கால்களில் கூடுதலாக இறங்கும். கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துப் பார்க்கலாம். அது இல்லையெனில், தொட்டியில் சிறிது நீர் ஊற்றி, நீர் விளிம்பு இருபுறமும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று அளந்தால் போதும்.

மூன்றாவது, ஈரம். சிந்திய நீரை உடனே துடைக்காவிட்டால் இரும்புத் துரு தரையில் கறையாகப் படியும். இன்னொரு ஆபத்தும் உண்டு. காற்று அடிக்கும் சிறு மோட்டாரை நீர் மட்டத்திற்குக் கீழே வைத்திருந்தால், மின்சாரம் நின்றதும் நீர் குழாய் வழியே திரும்பி இறங்கித் தரையில் கொட்டக்கூடும். ஆகவே மோட்டாரை நீர் மட்டத்திற்கு மேலே வைக்க வேண்டும்.

நான்காவது, இடம். மண்ணின் மேல் அமைந்த கீழ்த்தளமே பெரிய தொட்டிக்கு ஏற்றது. மாடியில் வைப்பதானால் அறையின் நடுவில் வைக்காமல், சுமை தாங்கும் சுவரை ஒட்டி வைப்பது நல்லது. மரக் கட்டைகள் தாங்கும் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில், பொறியாளரைக் கேட்காமல் வைக்கவே கூடாது.

இவற்றையெல்லாம் செய்த பிறகு எங்கள் தொட்டியை வேறோர் இடத்தில் மீண்டும் வைத்தோம். ஆறு மாதங்கள் ஆகின்றன. அங்கே ஒரு கீறல் கூட இல்லை. பழைய விரிசல் மட்டும் அப்படியே இருக்கிறது. பூச வேண்டாம் என்று பாட்டி சொல்லிவிட்டார். “தாத்தா போட்டது அப்படியே இருக்கட்டும்டி கண்ணு” என்று சொல்லி, இன்றும் அதன் மேல் எண்ணெய் தேய்க்கிறார். தேய்த்து முடித்ததும் மீன்களுக்கு இரை போடுவதும் அவர்தான்!

அன்புத் தோழியரே, உங்கள் வீட்டிற்கு மீன்கள் வருமுன் ஒரு தாளும் பென்சிலும் எடுத்து, இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வருமுன் காப்பது, வந்தபின் வருந்துவதைவிட மிகவும் எளிது.