அப்பத்தா காதுக்கு ஒரு மிக்ஸ்

சித்தன்னவாசல் அறிவர் கோயில் கருவறைக்குள்ள போனவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். உள்ள நின்னு வாயை மூடிக்கிட்டு "ம்ம்ம்"னு முனகினா, பாறையே சேர்ந்து முனகுற மாதிரி இருக்கும். ஓவியத்தைக் காட்டுறவங்க கையோட இதையும் செஞ்சு காட்டுவாங்க. விதானத்துல இருக்கிற தாமரைக் குளத்தைப் பத்தி நிறைய பேர் எழுதிட்டாங்க. நான் அந்த முனகலைப் பத்தி எழுதறேன், ஏன்னா எங்க வீட்டு ரெக்கார்டிங்கைக் காப்பாத்தினது அதுதான்.

போன செமஸ்டர் லீவுல, அப்பத்தா பாடுற நடவுப் பாட்டையெல்லாம் பதிவு பண்ணிடணும்னு மூணு பேர் உட்கார்ந்தோம். அவங்க கூட நடவு நட்டவங்கள்ல பாதிப் பேர் இப்ப இல்ல. மிச்சம் இருக்கிறவங்களுக்கு முதல் ரெண்டு அடிதான் ஞாபகம் இருக்கு. அப்பத்தாவுக்கு மட்டும் முழுசா வரும். ஹால்ல அப்பத்தா, பக்கத்து அறையில கஞ்சிராவோட நண்பன், கீபோர்டுல சுருதி பிடிக்க இன்னொருத்தன், லேப்டாப்ல நான். (கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டு வந்த மான்பூண்டியா பிள்ளை புதுக்கோட்டைக்காரர். எங்க ஊர்க்காரங்க இதைச் சொல்லாம விட மாட்டோம்.) எல்லாரையும் ஒரே அறையில உட்கார வச்சா கஞ்சிரா சத்தம் அப்பத்தா மைக்ல ஏறிடும், அப்புறம் அதைப் பிரிக்கவே முடியாது. அதனால தனித்தனி அறை, எல்லாருக்கும் ஹெட்போன்.

முதல் நாள் மொத்தமா சொதப்பல். திண்ணையில உட்கார்ந்து கணீர்னு பாடுறவங்க, ஹெட்போன் மாட்டினதும் சுருதி விலகிப் பாடினாங்க, பாதியில நிறுத்தினாங்க. "ஏய்யா, நான் பாடுறது எனக்கே கேக்கலையே. என் தொண்ட போச்சு, விடுங்க"ன்னு கழட்டி வச்சுட்டாங்க. நான் வால்யூமைக் கூட்டினேன். இன்னும் மோசமாச்சு.

தப்பு தொண்டையில இல்ல, நான் அனுப்பின மிக்ஸ்ல. என் காதுக்கு எது நல்லா இருந்துச்சோ, அதையே மூணு பேருக்கும் அனுப்பியிருந்தேன்.

இங்கதான் நிறைய பேர் ஏமாறுறோம். நாலு ஹெட்போன் மாட்டுற சின்ன ஆம்ப்ளிஃபயர் வாங்கினதும் நாலு பேருக்கும் தனித்தனி மிக்ஸ் வந்துடுச்சுன்னு நினைப்போம். அதுல நாலு குமிழ் இருக்கும், ஆனா உள்ள வர்ற சிக்னல் ஒன்னுதான். நாலு பேருக்கும் ஒரே சாம்பார், கரண்டி அளவு மட்டும் வேற. தனி மிக்ஸ்னா கம்ப்யூட்டர்லயோ இன்டர்ஃபேஸ்லயோ கலக்கும்போதே வேறயா கலக்கி, வேற அவுட்புட் வழியா அனுப்பணும். (ஆம்ப்ளிஃபயரும் வேணாம், ஒய் கேபிள் போதும்னு நினைக்காதீங்க. 32 ஓம் ஹெட்போன் நாலை பேரலல்ல மாட்டினா 8 ஓம் ஆயிடும், இன்டர்ஃபேஸ் திணறும்.)

எங்ககிட்ட இருந்தது நாலு இன்புட், நாலு அவுட்புட் இருக்கிற இன்டர்ஃபேஸ். 1, 2 எனக்கும் கீபோர்டுக்கும். 3 அப்பத்தாவுக்கு, 4 கஞ்சிராவுக்கு. பாடும்போது கேக்கறதுக்கு ஸ்டீரியோ தேவையே இல்ல, மோனோ போதும். ஆனா ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் ஒன்னுதான். அதனால 3-ஐ அதோட இடது பக்கத்துக்கும் 4-ஐ வலது பக்கத்துக்கும் குடுத்தோம். அப்பத்தா இடது காதுல மட்டும் மாட்டிக்கிட்டாங்க, கஞ்சிராக்காரன் வலது காதுல மட்டும். மாட்டாத பக்கத்தைக் காதுக்குப் பின்னாடி தலையோட அழுத்தி வைக்கணும், இல்லன்னா அதோட சத்தம் மைக்குக்குக் கசியும். மூடின வகை ஹெட்போனா இருக்கிறதும் இதுக்குத்தான். இன்னொரு லாபம், திறந்திருக்கிற காதுல அப்பத்தாவுக்குத் தன் சொந்தக் குரல் கேட்டுச்சு.

அடுத்து தாமதம். அன்னைக்கு பஃபர் 512 சாம்பிள்ல இருந்துச்சு. 48 கிலோஹெர்ட்ஸ்ல அது ஒரு வழிக்கு 10.7 மில்லி செகண்ட், போய் வர 21-க்கு மேல. காத்துல சத்தம் செகண்டுக்குச் சுமார் 343 மீட்டர் போகும். அப்படின்னா 7 மீட்டர் தள்ளி நின்னு யாரோ உங்க குரல்லயே உங்களைத் துரத்திப் பாடுற மாதிரி. சரின்னு பஃபரைக் குறைச்சாலும் முழுசாத் தீராது. நம்ம குரல் எலும்பு வழியா உடனே காதுக்கு வந்துடும், ஹெட்போன் வழியா கொஞ்சம் பிந்தி வரும். 5 மில்லி செகண்ட் பிந்தினாலே ரெண்டும் சேரும்போது 100, 300, 500 ஹெர்ட்ஸ்னு வரிசையா அடிச்சுக்கும். குரல் தகர டப்பா மாதிரி ஆயிடும்.

இதுக்கு வழி டைரக்ட் மானிட்டரிங். மைக் சிக்னல் கம்ப்யூட்டருக்குப் போய்த் திரும்பாம, இன்டர்ஃபேஸுக்குள்ளயே பிரிஞ்சு ஹெட்போனுக்கு வந்துடும். அப்ப மென்பொருள்ல அந்த ட்ராக்கோட மானிட்டரை அணைச்சு வைங்க, இல்லன்னா குரல் ரெண்டாக் கேக்கும்.

இத்தனையும் பண்ணியும் அப்பத்தா முகத்துல திருப்தி இல்ல. "எல்லாம் கேக்குது, ஆனா வெறுமையா இருக்கு"ன்னாங்க. மறுநாள் ஒரு மாற்றத்துக்கு அவங்களை மலைக்குக் கூட்டிட்டுப் போனோம். சின்ன வயசுல இருந்து பார்க்கிற இடம்தான். கருவறைக்குள்ள நின்னு சும்மா ஒரு பாட்டோட மெட்டை முனகினாங்க, சுருதி பிசகவே இல்ல. வெளிய வந்து, "இங்கன பாடுனா பாட்டு திரும்பி வருதுல்ல"ன்னாங்க.

கணக்கு இதுதான். கருவறை ஏறக்குறைய 3 மீட்டர் சதுரம், நாலு பக்கமும் குடைஞ்ச பாறை, சத்தத்தை உறிஞ்ச எதுவும் இல்ல. 3 மீட்டருக்கு நடுவுல நிக்கிற அலையோட அதிர்வெண் சுமார் 57 ஹெர்ட்ஸ். அதோட மடங்குகள் 114, 171, 228. ஆம்பளைங்க முனகல் 114 பக்கத்துல, பொம்பளைங்க முனகல் 171-க்கும் 228-க்கும் பக்கத்துல விழும். அந்த சுருதியைப் பிடிச்சா அறை கூடச் சேர்ந்து பாடும், விலகினா விட்டுடும். காதுக்குப் பதில் கிடைக்குது. எங்க ஹெட்போன்ல அந்தப் பதில்தான் இல்ல.

சாயங்காலமே ஒரு ரிவெர்ப் போட்டோம், அப்பத்தாவோட மிக்ஸ்ல மட்டும். பதிவாகுற குரல் வறட்டுக் குரலாவே போகுது, எதிரொலி அவங்க காதோட சரி. நேரடிக் குரல் டைரக்ட் மானிட்டரிங்ல வருது, ரிவெர்ப் மட்டும் கம்ப்யூட்டர்ல இருந்து வருது. அது 10, 20 மில்லி செகண்ட் பிந்தினா பரவாயில்ல. எதிரொலின்னாலே பிந்தி வர்றதுதானே!

அப்பத்தா மிக்ஸ்ல சுருதி, அவங்க குரல், ரிவெர்ப், ரொம்பத் தூரத்துல கஞ்சிரா. கஞ்சிராக்காரன் மிக்ஸ்ல அப்பத்தா குரல் பெருசா, சுருதி கொஞ்சம், அவன் வாத்தியம் கிட்டத்தட்ட இல்லவே இல்ல. கையில இருக்கிறது எப்படியும் காதுக்குக் கேக்கும். க்ளிக் யாருக்கும் கிடையாது. நடவுப் பாட்டை மெட்ரோனோமுக்குள்ள அடைக்கிறது எனக்குச் சம்மதமில்ல. அவங்க வேகம் கூட்டுற இடத்துல தாளம் பின்னாடியே போகட்டும்.

மிக்ஸைப் பூஜ்யத்துல இருந்து ஆரம்பிங்க. முதல்ல சுருதி, அப்புறம் அவங்கவங்க குரல், மத்ததெல்லாம் கேட்டாக் குடுங்க. யாராவது "இது கேக்கல"ன்னா அதை ஏத்தறதுக்கு முன்னாடி மத்ததைக் குறைச்சுப் பாருங்க. சுத்துச் சத்தம் கூடினா தன்னையறியாம குரலை உயர்த்துவோம், 1911-லயே லொம்பார்ட்ங்கற பிரெஞ்சு டாக்டர் கவனிச்சது இது. முதல் நாள் நான் வால்யூமைக் கூட்டினப்ப அப்பத்தா கத்தினதும் அதனாலதான். காதுக்கும் கேடு. 85 டெசிபெல்ல 8 மணி நேரம் தாங்கலாம்னா, ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 94-ல ஒரு மணி நேரம்தான்.

இன்னும் ரெண்டு விஷயம். ஹெட்போனுக்குப் போற சென்டுகளை ப்ரீ-ஃபேடர்ல வைங்க. நான் வைக்கல. எதையோ சரிபார்க்க சுருதி ஃபேடரை இறக்கினேன், அப்பத்தா காதுல சுருதி போச்சு, நல்லா வந்துக்கிட்டிருந்த பாட்டு நின்னுச்சு. ரெண்டாவது, நீங்க பேசுறது அவங்களுக்குக் கேக்க ஒரு மைக் வைங்க. பாட்டு முடிஞ்சு நாங்க மூணு பேரும் எங்களுக்குள்ள பேசிக்கிட்டிருந்தா, ஹெட்போனுக்குள்ள ஒரே அமைதி. தான் ஏதோ தப்பாப் பாடிட்டோம்னு அப்பத்தா நினைச்சுக்கிட்டாங்க.

இதுவரைக்கும் ஏழு பாட்டு ஆகியிருக்கு. எட்டாவதுக்கு எசப்பாட்டு வேணுமாம். அன்னவாசல்ல இருக்கிற சின்ன அப்பத்தாவைக் கூட்டிட்டு வரணும். அவங்களுக்கு மூணாவது மிக்ஸ். அவுட்புட் மிச்சமில்லாததால 1-ஐ அவங்களுக்குக் குடுத்துட்டு, அன்னைக்கு நான் மீட்டரை மட்டும் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்.