நாமே சூட்டிய பெயரும் மருத்துவர் சொல்லும் பெயரும்

எங்கள் மனநலப் புறநோயாளர் பிரிவுக்கு வரும் இளைஞர்கள் சிலர், தம் தொந்தரவுகளை விவரிக்கும் முன்பே நோயின் பெயரைச் சொல்லிவிடுகின்றனர். "எனக்கு ஆட்டிசம் இருக்கிறது, டாக்டர். நீங்கள் உறுதிப்படுத்தினால் போதும்" என்பர். பல மாதங்கள் படித்தும் காணொளிகள் பார்த்தும் தம்மைத் தாமே கவனித்தும் அந்த முடிவுக்கு வந்திருப்பர். முறையான மதிப்பீட்டுக்குப் பின் சிலருக்கு அதே பெயர் உறுதியாகிறது. சிலருக்கு வேறொரு பெயர் கிடைக்கிறது. அந்த இரண்டாவது நிலையில் இருப்போருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஒருவரைப் பற்றிக் கூறுவோம், அடையாளங்களை மாற்றியுள்ளோம். கணக்குப் பிரிவில் பணிபுரியும் 27 வயதுப் பெண் அவர். நான்கு பக்கக் குறிப்புகளுடன் வந்திருந்தார். தொலைபேசியில் பேசுமுன் வாக்கியங்களை எழுதி வைத்துக்கொள்வது, பிறர் கண்களைப் பார்க்க இயலாமை, திருமண வீட்டில் கூட்டமும் மேளச் சத்தமும் தாங்காமல் வெளியே சென்று நிற்பது, அலுவலகத்தில் தனியே உண்பது எனப் பலவும் அதில் இருந்தன. ஆட்டிசம் என்ற சொல்லை அறிந்த நாளில், வாழ்நாளில் முதன்முறையாகத் தம்மீது தமக்கு இரக்கம் பிறந்ததாகக் கூறினார்.

மூன்று அமர்வுகளுக்குப் பின், அவருக்கு இருப்பது சமூகப் பதற்றக் கோளாறு என முடிவு செய்தோம். அதைக் கேட்டதும் அவர் முகம் வாடியது. "அப்படியென்றால் இவ்வளவு நாளும் நான் நடித்தேனா, டாக்டர்?" என்று கேட்டார். பெயரை முதலில் சொல்லி, காரணத்தைப் பின்னர் சொல்ல வைத்திருந்தது எங்கள் தவறு. அவருடைய கேள்விக்கு அன்றே சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான்: துன்பம் முழுவதும் உண்மை, அதன் வேர் மட்டும் வேறு.

மதிப்பீடு எவ்வாறு நடைபெறுகிறது?

ஆட்டிசத்தைக் கண்டறிய இரத்தப் பரிசோதனையோ மூளை ஸ்கேனோ இல்லை. வாழ்க்கை வரலாறும் நேரடிக் கவனிப்புமே எங்கள் கருவிகள். இணையத்தில் பலரும் நிரப்பும் 50 வினாக்கள் கொண்ட பட்டியல், 2001ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வெளியிட்டது. அதில் மதிப்பெண் உயர்ந்திருந்தால், விரிவான மதிப்பீடு தேவை என்பது மட்டுமே பொருள். பதற்றத்தாலோ மனச்சோர்வாலோ மக்களிடமிருந்து விலகி நிற்பவரும் அதில் உயர்ந்த மதிப்பெண் பெறக்கூடும்.

நாங்கள் மூன்று செய்திகளைத் தேடுகிறோம். முதலாவது, பிறருடன் உரையாடுவதிலும் முகக்குறிப்பு, சைகை ஆகியவற்றைப் புரிந்துகொள்வதிலும் உறவுகளை வளர்ப்பதிலும் நீடித்த வேறுபாடு. இரண்டாவது, திரும்பத் திரும்பச் செய்யும் செயல்கள், மாற்றத்தை ஏற்க இயலாமை, ஒரே பொருளில் ஆழ்ந்த ஈடுபாடு, ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுதல் போன்ற இயல்புகள். மூன்றாவது, இவை மழலைப் பருவத்திலேயே வேர்கொண்டிருத்தல். இதனால்தான் 30 வயது நிரம்பியவரிடமும் "உங்கள் தாயாரை அழைத்து வர முடியுமா?" என்று கேட்கிறோம். பழைய மதிப்பெண் அட்டையில் ஆசிரியர் எழுதிய ஒரு வரியும் எங்களுக்கு உதவும்.

ஒன்றுபோல் தோன்றுபவை

கண்களைப் பார்க்காமல் பேசுவது வெளியே தெரியும் செயல். அதன் காரணம் உள்ளே இருக்கிறது. ஆட்டிசம் உள்ளவருக்குப் பிறர் முகத்தை நோக்குவது கவனத்தைச் சிதைப்பதாகவோ தாங்க இயலாததாகவோ இருக்கலாம். சமூகப் பதற்றம் உள்ளவர், எதிரில் இருப்பவர் தம்மைக் குறைவாக எடைபோடுவார் என அஞ்சிப் பார்வையைத் தாழ்த்துகிறார். முன்னவருக்குப் பிறர் தரும் குறிப்புகள் எட்டாமல் போகலாம். பின்னவரோ இல்லாத குறிப்புகளையும் கண்டு அஞ்சுகிறார்.

பேசுபவரின் சொல் பாதியில் நழுவிப்போவது கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறிலும் நிகழும். பொருள்களை ஒரே ஒழுங்கில் வைக்கும் செயல் ஆட்டிசம் உள்ளவருக்கு அமைதி தரலாம்; எண்ணச் சுழற்சி நோயிலோ, அப்படி வைக்காவிட்டால் தீங்கு நேரும் என்ற அச்சமே அவரை ஆட்டிவைக்கிறது. சிறுவயதுக் கொடுமைகளின் பாதிப்பு, நெடுநாள் மனச்சோர்வு, கவனிக்கப்படாத செவித்திறன் குறைவு ஆகியவையும் ஒருவரைக் கூட்டத்திலிருந்து ஒதுங்கச் செய்யும்.

மேற்சொன்ன பெண்ணின் தாயார் எங்களிடம், "சின்ன வயதில் தெருப் பிள்ளைகளையெல்லாம் திண்ணையில் உட்கார வைத்து டீச்சர் விளையாட்டு விளையாடுவாள், டாக்டர். எட்டாம் வகுப்பில்தான் வாயை மூடிக்கொண்டாள்" என்றார். அந்த ஆண்டு வகுப்பில் பாடம் வாசித்தபோது நாத் திக்கியதும், அதைச் சொல்லிச் சொல்லி உடன் படித்தவர்கள் சிரித்ததும் பின்னர் தெரியவந்தன. நெருங்கிய தோழியிடமும் தங்கையிடமும் இன்றும் அவர் தடையின்றிப் பேசுகிறார். இச்செய்திகள் யாவும் ஒருங்கே சேர்ந்தே எங்களை அம்முடிவுக்குக் கொண்டுசென்றன.

பெயர் மாறினால் என்ன மாறும்?

சிகிச்சையின் திசையே மாறும். ஆட்டிசத்தின் அடிப்படை இயல்புகளை மாற்றும் மருந்து இல்லை; அவருக்கேற்ப வேலையையும் வீட்டையும் சூழலையும் அமைத்துக்கொள்வதே முதன்மையான உதவி. சமூகப் பதற்றத்துக்கோ பயன் தரும் சிகிச்சை உண்டு. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில், அஞ்சும் சூழல்களைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளப் பழக்குகிறோம். தேவைப்படுவோருக்கு மருந்தும் தருகிறோம்.

இரண்டையும் மாற்றிச் செய்தால் தீங்கு நேரும். பதற்றம் உள்ளவர் "இது என் பிறவி இயல்பு" எனக் கருதி எல்லாவற்றையும் தவிர்த்து வந்தால், அச்சம் ஆண்டுதோறும் வளரும். ஆட்டிசம் உள்ளவரை "கூச்சத்தை விட்டுப் பழகு" என்று கூட்டத்துக்குள் தள்ளினால் அவர் சோர்ந்து ஒடிந்துபோவார்.

முடிவை ஏற்க மனம் வராவிட்டால்?

மருத்துவர் முடிவும் தவறலாம். இயல்புகளை மறைத்து வாழப் பழகியவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், ஆட்டிசம் பல ஆண்டுகள் கண்டறியப்படாமல் போவதுண்டு. ஒருவருக்கே இரண்டு நிலைகளும் சேர்ந்திருக்கலாம்; ஆட்டிசத்தையும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாற்றையும் ஒருவரிடமே பதிவு செய்ய அமெரிக்க மனநல மருத்துவக் கழகத்தின் கையேடு 2013ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் இடமளித்தது. ஆகவே தயங்காமல் கேளுங்கள்: "எந்தச் செய்திகளைக் கொண்டு இம்முடிவுக்கு வந்தீர்கள்? ஆட்டிசம் இல்லை என்று எதனால் கருதுகிறீர்கள்? சிகிச்சையில் முன்னேற்றம் இல்லையெனில் மீண்டும் மதிப்பிடுவீர்களா?" 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தம் அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை நோயாளருக்கு அளிக்கிறது. அவற்றைப் பெற்று வேறொரு நிபுணரின் கருத்தையும் கேட்கலாம். அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். வேறொரு பெயர் கிடைத்த நாளில் "நான் அப்போதே சொன்னேனே, உனக்கு ஒன்றுமில்லை என்று" எனச் சொல்லிவிடாதீர்கள். ஒன்றும் இல்லாதவர் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு மருத்துவமனைக்கு வருவதில்லை. அவர் இழந்தது ஒரு பெயரை மட்டுமன்று. அப்பெயரால் கிடைத்த ஆறுதலையும், தம்மைப் போன்றோர் உள்ளனர் என்ற துணையையும் சேர்த்து இழந்திருக்கிறார். சில நாள்கள் அவர் துயரப்பட இடம் கொடுங்கள். நம்பிக்கை முற்றிலும் இழந்தோ, உயிரை மாய்த்துக்கொள்வது பற்றியோ பேசினால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

அப்பெண் ஆறு வாரங்கள் கழித்தே மீண்டும் வந்தார். அந்த நான்கு பக்கங்களை நாங்கள் பத்திரமாக வைத்திருந்தோம். அதிலிருந்தவற்றை எளியது முதல் கடினமானது வரை அவரே வரிசைப்படுத்தினார். அதுவே சிகிச்சைத் திட்டமாயிற்று. எழுதி வைத்துக்கொள்ளாமல் எரிவாயு முகவருக்குத் தொலைபேசியில் பேசுவது முதல் படி. இப்போது ஐந்தாம் படியில் இருக்கிறார். நீங்களும் உங்கள் குறிப்புகளுடன் வாருங்கள். எப்பெயரில் முடிந்தாலும், சிகிச்சை அவற்றிலிருந்துதான் தொடங்குகிறது.