சேருவிலச் செம்பு

இறக்கக்கண்டிப் பாலத்தைக் கடந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலை புல்மோட்டையை அடைகின்றது. அங்குள்ள கருமணலில் இல்மனைற்று, உரூத்தைல், சிர்க்கன் என்னும் கனிப்பொருள்களை அலைகளே செறித்து வைத்துள்ளன. அம்மணலைக் கழுவிக் காந்தத்தாற் பிரித்துக் கப்பலேற்றலாம். அதற்கென 1957 இல் அரசாங்கக் கூட்டுத்தாபனமும் நிறுவப்பெற்றது. அதே மாவட்டத்தின் தென்பால், கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், சேருவிலப் பகுதியிற் செம்புத்தாது உண்டென 1971 இல் புவிச்சரிதவியலாளர் கண்டனர். அது இன்றும் நிலத்தினுள்ளேயே கிடக்கின்றது. மணலைப் போல அதனை அள்ளி விற்றல் ஏன் இயலாது?

சேருவிலவில் உள்ளது தனிச்செம்பு அன்று. செம்பு, இரும்பு, கந்தகம் மூன்றும் கூடிய சால்கோபைரைற்று, காந்த இரும்புத்தாதோடு விரவிக் கிடக்கின்றது. பாறையை உடைத்து மாவாக்கி, நீரும் எண்ணெய்ப்பொருளும் சேர்த்துக் காற்றை ஊத, சால்கோபைரைற்றுத் துகள்கள் நுரையோடு மிதந்து வரும். இச்செறிதாதை மணற்சத்துடன் உலையில் உருக்கினால் இரும்பின் பெரும்பகுதி கசடாகப் பிரியும். எஞ்சிய குழம்பினூடு காற்றைச் செலுத்தக் கந்தகம் எரிந்தகன்று செம்பு எஞ்சும். இறுதியாக மின்பகுப்பினால் அது தூய்மையுறும்.

இடர் அக்கந்தகத்திலேதான். தூய சால்கோபைரைற்றில் செம்பும் கந்தகமும் ஏறத்தாழ ஒத்த நிறையின. ஆகவே ஒரு தொன் செம்பு பெறுமிடத்து, ஏறக்குறைய இரண்டு தொன் கந்தகவீரொட்சைட்டு வாயு வெளிப்படும். கனடாவிற் சட்பரியில் நிக்கலும் செம்பும் ஒரே தாதினின்று எடுக்கப்பெறுகின்றன. முற்காலத்தில் அங்கே விறகடுக்கின்மேல் தாதைக் குவித்து, மாதக்கணக்கிற் புகையவிட்டனர். சூழவிருந்த காடு பட்டது; பாறைகளும் கறுத்தன. 1972 இல் 381 மீற்றர் உயரப் புகைபோக்கி எழுப்பினர். எஞ்சிய புகை தொலைவுக்குச் சென்று வீழ்ந்தது. 1978 முதல் சுண்ணாம்பிட்டு, மரம் நட்டு நிலத்தை மீட்டு வருகின்றனர்.

செறிதாதை மட்டும் திருகோணமலையிற் கப்பலேற்றி, உருக்கும் வேலையைப் பிறநாட்டுக்கு விடலாமே எனச் சிலர் கூறுவர். 2018 இல் மூடப்பெற்ற தூத்துக்குடிச் செம்பாலை பெரிதும் பிறநாட்டுச் செறிதாதையே உருக்கிற்று. அதன் புகையை எதிர்த்தெழுந்த போராட்டத்திற் பதின்மூவர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். நமது புகையை அயலார் மூக்குக்கு ஏற்றுமதி செய்தல் தீர்வாகாது.

வாயுவைப் பிடித்துக் கந்தகவமிலமாக்குதலே தக்க வழி. அவ்வமிலத்துக்கு வேண்டுகையும் நம் நாட்டிலேயே உண்டு. சேருவிலச் செம்பு காணப்பெற்ற அதே 1971 இல் எப்பாவெலவிற் பொசுபேற்றுப் படிவும் காணப்பெற்றது. அதனை நீரிற் கரையும் உரமாக்கக் கந்தகவமிலம் இன்றியமையாதது. எனவே சேருவிலச் செம்பின் விலையைக் கணக்கிடுவோர், அமில ஆலையின் செலவையும் உரத்தின் பயனையும் அதே ஏட்டில் எழுதுதல் வேண்டும்.