கராஜில் நாலாவது அச்சு

எங்கள் வீட்டுக் கராஜில் கார் நின்று மூன்று வருடமாகிறது. ஸ்காபரோவில் பனி கொட்டும்போது காரை வெளியே விட்டுவிட்டு, பழைய சி.என்.சி மில்லிங் மிஷின் ஒன்றை உள்ளே பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று சொன்னால் என் மனைவியின் நிலைமை உங்களுக்கு விளங்கும்.

மூடப்பட்ட ஒரு சிறு பட்டறையில் இருந்து வாங்கிய மிஷின் அது. மூன்று அச்சில் ஓடும். மேசை இடம் வலம் போவது எக்ஸ், முன் பின் போவது வை, மேலே கீழே போவது இசட். தட்டையான சாமான் செய்ய இது தாராளம். ஆனால் உருளையான ஒன்றைச் சுற்றிவர வெட்ட வேண்டுமென்றால் நாலாவது அச்சு தேவை. வேலைப் பொருளைப் பிடித்துக்கொண்டு, சொன்ன பாகை அளவுக்குத் திருப்பி நிறுத்துவதுதான் அதன் வேலை. எக்ஸ் அச்சைச் சுற்றித் திரும்புவதால் அதை 'ஏ' அச்சு என்பார்கள்.

எனக்கு அந்தத் தேவை ஒரு ரொட்டிக் கடையில் இருந்து வந்தது. நண்பனின் கடை. மாக் குழைக்கும் பழைய மிஷினில் ஒரு பல்சக்கரத்தின் நாலு பல் உடைந்துவிட்டது. அந்த மாடலுக்கு இப்போது உதிரிப்பாகம் கிடைப்பதில்லை. புது மிஷின் வாங்க அவனிடம் காசில்லை. மூன்று நாளாகக் கையால் குழைத்துத் தோள்மூட்டு வீங்கிப்போய் நின்றான். "சனிக்கிழமைக்குள்ள செய்து தாறன்" என்று வாய் விட்டுவிட்டேன்.

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் காங்கேசன்துறை சீமெந்து ஆலையின் பட்டறையில் வேலை செய்தவர். 1950இல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலை, 1990இல் சண்டையோடு நின்றுபோனது. அப்பாவின் தொழிலும் அதோடு நின்றது. கனடாவுக்கு வந்த பிறகு, கார்ச் சாமான் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இரவுத் துப்புரவு வேலை. லேத்துக்குக் கீழே விழுந்த இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளினார். மிஷினில் கை வைக்கும் வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. இங்கிலீஷ் போதாது, இங்கத்தைய சேர்ட்டிபிக்கேட் இல்லை. பதினாறு வருடம் அப்படியே போனது. ஒருநாளும் அவர் குறைப்பட்டதில்லை. ஆனால் நான் மிஷின் வாங்கி மூன்று வருடமாகியும் அவர் கராஜுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பழைய நினைவைக் கிளறியது போலாகிவிடும் என்று எனக்குள் ஒரு தயக்கம்.

சரி, வேலைக்கு வருவோம். புதிதாக ஒரு நாலாவது அச்சு வாங்குவதென்றால் ஆயிரக்கணக்கில் டொலர் வேண்டும். நான் கையால் சுற்றும் ரோட்டரி டேபிள் ஒன்றைப் பழசாக வாங்கி வைத்திருந்தேன். பெயர்த்தகடு கழன்றுபோன டேபிள். கைபிடியைக் கழற்றிவிட்டு, ஒரு தகட்டைக் கடைந்து பொருத்தி, கப்ளிங் மூலம் ஸ்டெப்பர் மோட்டரை நேரே வேர்ம் தண்டோடு இணைத்தேன். கன்ட்ரோலரில் நாலாவது அச்சுக்கு இடம் காலியாக இருந்தது, ஒரு டிரைவர் மட்டும் வாங்கினேன். டேபிளை நிமிர்த்தி வைத்து முன்னால் சக் பூட்டி, மறுமுனையில் டெயில்ஸ்டொக் வைத்தேன். நேரான கம்பி ஒன்றைச் சக்கில் பிடித்து டயல் கேஜால் மேலும் பக்கமும் ஓட்டிப் பார்த்து, எக்ஸ் அச்சுக்கு இணையாக வரும்வரை தட்டித் தட்டி நிறுத்த ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.

பிறகு கணக்கு. மோட்டர் ஒரு சுற்றுக்கு 200 அடி வைக்கும். டிரைவர் ஒவ்வோர் அடியையும் பத்தாகப் பிரிப்பதால் ஒரு சுற்றுக்கு 2,000 துடிப்பு. டேபிளின் விகிதம் 90க்கு 1 என்று விற்றவர் சொல்லியிருந்தார். அதாவது மோட்டர் 90 தரம் சுற்றினால் டேபிள் ஒரு முறை சுற்றும். 2,000ஐ 90ஆல் பெருக்கி 360ஆல் பிரித்தால் ஒரு பாகைக்கு 500 துடிப்பு. அதைக் கன்ட்ரோலரில் பதிந்தேன்.

பழைய சக்கரத்தில் 28 பல். வெளி விட்டம் 60 மில்லிமீற்றர். பல் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி, 30ஆல் 60ஐப் பிரித்தால் 2. அதுதான் மொடியூல். அந்த அளவில் 26 முதல் 34 பல் வரைக்குமான கட்டரை எடுத்து, ஒத்திகையாக ஓர் அலுமினியத் துண்டில் ஓடவிட்டேன். கூலன்ட் தெறித்துக்கொண்டிருந்ததால் உள்ளே நடப்பது சரியாகத் தெரியவில்லை. இருபத்துமூன்றாவது வெட்டில் சத்தம் மாறியது. நிறுத்திப் பார்த்தால், அந்த வெட்டு முதல் பள்ளத்தை ஒட்டியே விழுந்து, அங்கே நிற்கவேண்டிய பல்லையே தின்றிருந்தது.

அந்த நேரம் பார்த்து, பனி அள்ளும் சவளை எடுக்க அப்பா கராஜுக்குள் வந்தார். துண்டைக் கையில் எடுத்து, பெருவிரலால் பல்லுகளைத் தடவினார்.

"உதில எத்தினை பல் வெட்ட வெளிக்கிட்டனி?"

"இருபத்தெட்டு, அப்பா."

"இந்த இடைவெளிக்கு இருபத்தெட்டு வராது. டேபிள் எத்தினைக்கு ஒண்டு?"

"தொண்ணூறு. வித்தவர் சொன்னவர்."

"வித்தவர் சொன்னவர்..." என்று திருப்பிச் சொன்னார். அவ்வளவுதான். சுற்றிவரப் பார்த்துவிட்டு, நான் கழற்றிப் பெட்டிக்குள் போட்டிருந்த கைபிடியைத் தேடி எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதில் இருந்த வளையத்தின் கோடுகளைப் பார்த்தார்.

"இதில ஐஞ்சு பாகைக்குத்தான் கோடு கிடக்கு. ஒரு சுத்துக்கு ஐஞ்சு பாகை எண்டால் முழு வட்டத்துக்கு எத்தினை?"

எழுபத்திரண்டு. எனக்கு முகம் சூடாகிவிட்டது. 360 பாகை திரும்பு என்று நான் சொல்ல, டேபிள் 450 பாகை திரும்பியிருக்கிறது. விடை முழுநேரமும் என் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது.

"இப்பவும் நம்பாத. எண்ணிப் பார்" என்றார். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, டேபிளில் ஒரு கோடு கீறி, கப்ளிங்கைக் கையால் மெல்ல மெல்லச் சுற்றினோம். என் மகளைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னார், தமிழில். அவள் அறுபத்தொன்பதுக்குப் பிறகு எண்பது என்றாள். "எழுபது பிள்ளை, எழுபது. எண்பதுக்குப் போனால் கொப்பாவின்ர சக்கரம் மாதிரித்தான் வரும்" என்று சிரித்தார். எழுபத்திரண்டில் கோடு கோட்டோடு சேர்ந்தது. ஒரு பாகைக்கு 400 துடிப்பு என்று மாற்றினேன்.

அன்று இரவு அவர் உள்ளே போகவில்லை. ஆலையில் டிவைடிங் ஹெட்டில் பல் வெட்டிய விதத்தைச் சொன்னார். அதில் 40 சுற்றுக்கு ஒரு வட்டம். 28 பல் வேண்டுமென்றால் 40ஐ 28ஆல் பிரிக்க வேண்டும். ஒரு முழுச் சுற்று, அதன்மேல் 21 துளை வட்டத்தில் ஒன்பது துளை. "ஒரு துளை பிசகினால் முழுச் சாமானும் குப்பை. ஒருத்தரும் அந்த நேரம் எங்களோட கதைக்க மாட்டினம்." முப்பது வருடத்துக்கு மேலாகியும் அந்தக் கணக்கு அவர் நாக்கு நுனியில் இருந்தது.

இன்னொரு பிழையையும் அவர்தான் பிடித்தார். ஒரு பல்லுக்கு 12.86 பாகை என்று எழுதி, ஒவ்வொரு முறையும் அதைக் கூட்டிக்கொண்டு போகும்படி புரோகிராம் செய்திருந்தேன். 28 தரம் கூட்டினால் 360.08. பிழை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து கடைசிப் பல்லில் வந்து நிற்கும். ஒவ்வொரு பல்லையும் பூச்சியத்தில் இருந்தே கணக்கிடும்படி மாற்றினேன். வேர்மில் இருக்கும் தளர்ச்சி பாதிக்காமல் இருக்க, எப்போதும் ஒரே பக்கத்தால் வந்து நின்று, பூட்டிவிட்டு வெட்டினோம்.

உருக்கில் வெட்டிய சக்கரம் வெள்ளி இரவு முடிந்தது. பிசிரை அப்பாதான் அரத்தால் எடுத்தார். என்னைத் தொட விடவில்லை. சனிக்கிழமை கடையில் பூட்டி ஓடவிட்டபோது, நண்பன் மாவைப் பார்த்தான், அப்பா காதைக் கொடுத்துக் கேட்டார். "சரி" என்றார்.

உங்களில் யாராவது பழைய மிஷினுக்கு நாலாவது அச்சு பூட்ட நினைத்தால், நான் பட்ட பாட்டில் இருந்து சில சொல்கிறேன். டேபிளின் விகிதத்தை யார் சொன்னாலும் நம்பாமல் கையால் சுற்றி எண்ணுங்கள். மின்சாரம் இருக்கும்போது ஸ்டெப்பர் மோட்டரின் வயரைக் கழற்றாதீர்கள், டிரைவர் எரிந்துவிடும். முதல் வெட்டு எப்போதும் மலிவான துண்டில் இருக்கட்டும். வீட்டில் தொழில் தெரிந்த ஒருவர் சும்மா இருந்தால், அவர் தானாக வரட்டும் என்று என்னைப்போல மூன்று வருடம் காத்திருக்காதீர்கள்.

இப்போது அப்பா பின்னேரங்களில் கராஜில்தான். அவருக்கென்று ஒரு கதிரையும் சின்ன ஹீட்டரும் வாங்கி வைத்திருக்கிறேன். அன்று அவர் எடுக்க வந்த சவள் வைத்த இடத்திலேயே கிடந்தது. வாசலில் பனி அள்ளியது என் மனைவி. அதை அவர் இன்னும் மறக்கவில்லை.