ஆழத்தின் வரலாறு (11): உருகிச் சென்றதும் எஞ்சி நின்றதும்

புவியின் மேலோட்டுக்குக் கீழே பாறைக் குழம்பு கடல்போல் பரந்து கிடக்கிறது என்ற எண்ணம் நன்கு படித்தவர்களிடையேயும் வேரூன்றியிருக்கிறது. ஆனால், நீர்மங்களின் ஊடே செல்ல இயலாத ஒருவகை நிலநடுக்க அலைகள் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை ஊடுருவிச் சென்று திரும்புவதால், மேலோட்டின் அடியிலுள்ள கவசம் என்னும் அடுக்கு திண்மப் பாறையே என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. எரிமலை கக்கும் குழம்பு, அந்தத் திண்மப் பாறையின் சிறு பங்கு மட்டும் உரிய சூழல் வாய்த்தபோது உருகிப் பிரிந்ததால் பிறந்தது. பாறை முழுதாக உருகாமல் அதன் ஒரு கூறு மட்டும் உருகும் இந்நிகழ்வைப் புவியியலாளர் பகுதி உருகல் என்று அழைக்கின்றனர்.

பனிக்கட்டி ஒரே பொருளால் ஆனது என்பதால் ஒரே வெப்பநிலையில் உருகி முடிகிறது. பாறையோ பல கனிமங்களின் கூட்டு. வாஷிங்டனில் கார்னகி நிறுவனத்தின் ஆய்வகத்தில் பணியாற்றிய நார்மன் போவன், 1915ஆம் ஆண்டளவில் கனிமக் கலவைகளை உருக்கி நடத்திய ஆய்வுகள் இத்துறைக்கு அடித்தளமாயின. டையாப்சைடு என்னும் கனிமம் தனித்திருக்கையில் 1,392 பாகை செல்சியசிலும், அனார்த்தைட் என்னும் ஃபெல்ட்ஸ்பார் வகை 1,553 பாகையிலும் உருகுகின்றன. இரண்டையும் கலந்தாலோ, 1,274 பாகையிலேயே முதல் துளி தோன்றிவிடுகிறது. ஆகவே பாறையில் உருகல் எந்தக் கனிமத்தின் நடுவிலும் தொடங்குவதில்லை. வெவ்வேறு கனிமங்களின் மணிகள் ஒன்றையொன்று தொடும் விளிம்புகளிலேயே தொடங்குகிறது. அவ்வாறு பிறக்கும் நீர்மம் தாய்ப்பாறையின் நகலாக அமைவதில்லை என்பதுதான் இங்கு முதன்மையாகக் கருதத்தக்கது. எளிதில் உருகும் கூறுகளை அது தன்னுடன் எடுத்துக்கொள்வதால், பிரிந்து செல்லும் குழம்பும் பின்தங்கும் எச்சமும் தாய்ப்பாறையிலிருந்து வேறுபட்ட இரு புதிய பொருள்களாகின்றன.

கவசத்தின் மேற்பகுதி பெரிடோடைட் என்னும் பாறையால் ஆனது. ஒலிவின், பைராக்சீன் ஆகிய பசுமை கலந்த கனிமங்களே அதில் மிகுதி. நிலப்பரப்பின் அழுத்தத்தில் ஏறத்தாழ 1,100 பாகையில் உருகத் தொடங்கும் இப்பாறை, ஆழத்தில் அழுத்தம் கூடும்போது மேலும் உயர்ந்த வெப்பநிலையை வேண்டி நிற்கிறது. பெருங்கடல்களின் நடுவே தட்டுகள் விலகும் இடங்களில், கவசப் பாறை திண்மமாகவே மெல்ல மேலெழும்போது, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அதன் வெப்பம் ஒரு பாகைக்கும் குறைவாகவே தணிகிறது; ஆனால் உருகத் தொடங்குவதற்குத் தேவையான வெப்பநிலை மூன்று, நான்கு பாகை இறங்கிவிடுகிறது. இதனால், வெளியிலிருந்து வெப்பம் சிறிதும் சேராமலேயே, ஆழம் குறைந்த ஒரே காரணத்தால் பாறை உருகுகிறது. அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மட்டுமே நீர்மமாகிப் பிரிந்தும், ஆறேழு கிலோமீட்டர் தடிமனுள்ள பசால்ட் தன்மையுடைய மேலோடு உலகின் கடலடி முழுவதற்கும் அமைந்துவிட்டது. ஒரு தட்டு மற்றொன்றின் கீழ் அமிழும் ஜப்பான், இந்தோனேசியா போன்ற பகுதிகளில், அமிழும் தட்டு விடுவிக்கும் நீர் கவசத்தின் உருகுநிலையைத் தாழ்த்துவதால் அதே விளைவு வேறு வழியில் உண்டாகிறது.

கண்டங்களின் மேலோட்டிலும் நீரின் பங்கு பெரிது. ஆனால் அந்த நீர் பெரும்பாலும் அபிரகக் கனிமங்களின் படிக அமைப்புக்குள் கட்டுண்டிருப்பது. மலையாக்கத்தின்போது மேலோடு தடித்து வெப்பம் ஏறுகையில், வெண் அபிரகம் 700 பாகையை ஒட்டியும், பயோடைட் என்னும் கரிய அபிரகம் 800 பாகைக்கு மேலும் சிதைகின்றன. அவை விடுவிக்கும் நீரைப் பெற்று, அருகிலுள்ள குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும் கிரானைட் தன்மையுள்ள குழம்பாகின்றன. பயோடைட் சிதைந்த இடத்தில் கார்னெட்டோ பைராக்சீனோ புதிதாக விளைகிறது. குழம்பு வெளியேறும்போது நீரையும் கொண்டு செல்வதால், எஞ்சிய பாறை உலர்ந்து, மீண்டும் உருக வேண்டுமாயின் முன்னினும் கடும் வெப்பத்தை எதிர்பார்த்து நிற்கிறது. பழங்கண்டங்களின் அடிப்பகுதி காலங்காலமாகக் குலையாமல் நிலைத்திருப்பதற்கு இந்த உலர்வு ஒரு முக்கியக் காரணம்.

குழம்பு முழுதும் வெளியேறாமல் பிறந்த இடத்திலேயே உறைந்துவிட்ட பாறைக்கு, பின்லாந்துப் புவியியலாளர் யாக்கோப் செடர்ஹோம் 1907இல் மிக்மடைட் என்று பெயரிட்டார். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வெட்டியெடுக்கப்பட்டு, 'பாரடைசோ' என்ற வணிகப் பெயரில் கடைகளில் கிடைக்கும் பலகைக் கல் இவ்வகையைச் சேர்ந்ததே. மெருகேற்றிய அதன் பரப்பை நெருங்கி நோக்கினால், வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த பட்டைகள் வளைந்து நெளிந்து ஓடுவதும், அவற்றினிடையே பயோடைட் செறிந்த கரிய கீற்றுகள் அமைந்திருப்பதும் தெரியும். வெளிர்பட்டை ஒருகாலத்தில் உருகி நின்ற பங்கையும், கரிய கீற்று உருகாமல் ஒதுங்கிய பங்கையும் காட்டுகின்றன. சமையலறை மேடையாக நாள்தோறும் துடைக்கப்படும் கல்லில் இவ்வளவு தெளிவான சான்று கிடைப்பது, புவியியலில் ஆர்வமுள்ள எவருக்கும் பெரும்பேறு.

இந்நிகழ்வின் ஆழமான முகத்தைக் காண்பதற்குக் கர்நாடகத்தின் ராமநகர வட்டாரத்திலுள்ள கப்பல்துர்காவைவிடச் சிறந்த இடங்கள் உலகில் மிகச் சிலவே. அங்குச் சாம்பல் நிற நீஸ் பாறையின் வரிகளைக் குறுக்கே வெட்டியும் அழித்தும், எண்ணெய்ப் பளபளப்புடன் கூடிய கரும்பச்சைத் திட்டுகள் பரவியுள்ளன. அத்திட்டுகள் சார்னோக்கைட் எனப்படும் பைராக்சீன் கொண்ட உலர்பாறை. சென்னையை அடுத்த பரங்கிமலையும் பல்லாவரமும் இதே பாறை வகையால் ஆனவை. நீஸ் பாறை சார்னோக்கைட்டாக மாறிக்கொண்டிருந்த நிலையிலேயே கப்பல்துர்காவில் உறைந்து நிற்கிறது என்று புவியியலாளர் சி. எஸ். பிச்சமுத்து 1960இல் எடுத்துக்காட்டினார். அம்மாற்றத்தின்போது நீரை அகற்றியது எது என்பதில் நீண்ட விவாதம் எழுந்தது. ஆழத்திலிருந்து வந்த கரியமில வாயு நீரை வெளியேற்றியது என்று ஒரு சாராரும், பகுதி உருகலில் பிறந்த குழம்பே நீரை உறிஞ்சிக்கொண்டது என்று மற்றொரு சாராரும் வாதிட்டனர். கப்பல்துர்காவில் வெளிர்நிற கிரானைட் நரம்புகள் சார்னோக்கைட் திட்டுகளோடு பின்னிக் கிடப்பதைக் கருதும்போது, உருகலை ஒதுக்கிவிட்டு அம்மாற்றத்தை விளக்க முயல்வது நிறைவளிக்கவில்லை.

அவ்வட்டாரத்தில் பிறந்த குழம்பு சென்ற வழியும் மறைந்துவிடவில்லை. ராமநகரத்தின் பழைய பெயரால் க்ளோஸ்பெட் கிரானைட் எனப்படும், சுமார் 250 கோடி ஆண்டுத் தொன்மையுடைய பாறைத் தொடர், தெற்கு வடக்காக ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீண்டு செல்கிறது. மேலோடு தெற்கில் அதிகம் உயர்ந்து அதிகம் அரிக்கப்பட்டதால், தென்முனையில் பழைய மேலோட்டின் ஆழப் பகுதியும், வடக்கே பெல்லாரியை நெருங்க நெருங்க ஆழம் குறைந்த பகுதியும் இன்று ஒரே தரைமட்டத்தில் வெளிப்பட்டுள்ளன. தெற்கே கவசத்திலிருந்து எழுந்த குழம்பும், அதன் வெப்பத்தால் உருகிய மேலோட்டின் குழம்பும் கலந்த தடங்கள் மிக்மடைட்டுகளின் நடுவே கிடக்கின்றன. இடையே ராமநகரக் குன்றுகளில் பெரிய இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள் செறிந்த கிரானைட் உயர்ந்து நிற்கிறது. வடக்கே, மேலேறிய குழம்பு தனித்தனித் திரள்களாகத் தங்கி உறைந்திருக்கிறது.